ஆபாசப்படமும் ‘அடிமை’ என்னும் சொல்லும்: பார்ப்போர்க்கு நேரும் தீங்கு குறித்து ஓர் ஆய்வுநோக்கு

முன்னுரை

‘ஆபாசப்படத்திற்கு அடிமையாகிவிட்டான்’ என்னும் தொடர் இன்று பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களிலும் நாளேட்டுக் கட்டுரைகளிலும் சமயச் சொற்பொழிவுகளிலும் தடையின்றி வழங்கக் காண்கிறோம். குடிக்கு அடிமை, சூதுக்கு அடிமை என்பன போல இதுவும் ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகவே கொள்ளப்படுகிறது. எனினும், உளநல மருத்துவத் துறையில் இஃது இன்றுவரை தீர்ப்பு எழுதப்படாத வழக்கு. ஒரு சாரார் இதனை மூளை சார்ந்த நோய் என்பர். மறு சாரார், ஒழுக்கம் பற்றிய அச்சமே மருத்துவத்தின் பெயரால் பேசப்படுகிறது என்பர். இரு சாராரும் சில வேளைகளில் ஒரே ஆய்வு முடிவையே தத்தமக்குச் சான்றாகக் காட்டுவதும் உண்டு.

அவ்வழக்கின் இன்றைய நிலையைத் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘ஆபாசப்படம் அடிமைப்படுத்துமா?’ என்பதும் ‘அது தீங்கு செய்யுமா?’ என்பதும் வேறு வேறு வினாக்கள். முன்னதற்கு விடை பெரும்பாலும் ‘இல்லை’ என்று அமைந்தாலும், பின்னதற்குச் சிலரைப் பொறுத்தவரை ‘ஆம்’ என்றே விடை கூற வேண்டியிருக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதனால், நோயில்லாதவன் நோயாளி என்று பெயர் பெறுகிறான். உண்மையில் காக்கப்பட வேண்டிய சிறுவரோ கவனிப்பாரின்றி விடப்படுகின்றனர் என்பது நம் கருத்து. இத்தகைய படங்களில் நடிப்போர்க்கும், தம் இசைவின்றிப் படமாக்கப்படுவோர்க்கும் இழைக்கப்படும் கொடுமை பெரியது. ஆயினும் அது தனி ஆய்வுக்குரியது. ஈண்டுப் பார்ப்போரைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை நோக்குவோம். ஆங்கிலத்தில் ‘அடிக்ஷன்’ என வழங்கும் சொல்லின் மூலமான இலத்தீன் வினை, உரோமையர் சட்டத்தில் ஒருவரை மற்றொருவரிடம் உரிமையாக ஒப்படைத்தலைக் குறித்தது. கடனைத் திருப்பித் தர இயலாதவன் நடுவரின் ஆணைப்படி கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்டான். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவனுக்கு ‘அடிக்டஸ்’ என்று பெயர். தமிழ் ‘அடிமை’ ஏறத்தாழ அதே பொருளைத் தாங்கி நிற்பது வியப்பளிக்கிறது. ஆனால் நம் சொல்லுக்குச் சுமை மிகுதி. பக்தி இலக்கியத்தில் அது விரும்பி ஏற்கும் பேறு. ஒப்பந்தக்கூலி, கங்காணி முறைகளின் வழிவந்த மலேசியத் தமிழர்க்கோ அது வரலாற்றின் தழும்பு. சிங்கப்பூர் ஏடுகளில் வழங்கும் ‘போதைப்புழங்கி’ என்னும் ஆக்கம் ஒருவன் செய்வதைச் சுட்டுகிறது. ‘அடிமை’ என்பதோ அவன் யார் என்று தீர்ப்பளித்துவிடுகிறது. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

‘ஆபாசம்’ என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. வடமொழியில் ‘ஆபாசம்’ என்பதன் பொருள்களுள் ஒன்று போலித்தோற்றம் என்பதாகும். தருக்க நூலார் போலி ஏதுவை ‘ஏத்துவாபாசம்’ என்றனர். அணி நூலார் போலிச் சுவையை ‘ரசாபாசம்’ என்றனர். தமிழில் அது இழிவு, அருவருப்பு என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. சொல்லைக் கூறும்போதே கண்டனமும் உடன் வந்துவிடுவதால், நடுநிலையோடு ஆய்வு தொடங்குவது தமிழில் ஒருபடி கடினமே.

அமெரிக்காவின் இரு ஆணையங்கள்

இத்துறையின் வரலாற்றைப் பெரிதும் வடிவமைத்தது அமெரிக்காவே. 1967ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சட்டத்தால் அமைந்த ஆபாசம் பற்றிய ஆணையம் 1970இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலியல் படைப்புகளைப் பார்ப்பது குற்றச் செயல்களுக்குக் குறிப்பிடத்தக்க காரணமாகிறது என்பதற்குச் சான்றில்லை என்றும், வயது வந்தோர்க்கான தடைச் சட்டங்களை நீக்கலாம் என்றும் அது கூறியது. மேலவை 60க்கு 5 என்னும் வாக்குகளால் அவ்வறிக்கையைத் தள்ளியது. அதிபர் நிக்சனும் அதனை ஏற்க மறுத்தார்.

அவ்வாணையத்திற்காக வட கரோலைனாவில் நிகழ்த்தப்பட்ட ஒரு சோதனை நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. கல்லூரி மாணவர் 23 பேர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் வீதம் மூன்று வாரக் காலம் இத்தகைய படைப்புகளோடு இருத்தப்பட்டனர். நாளடைவில் அவர்தம் ஆர்வம் குறைந்தது, சலிப்பே மிஞ்சியது. போதைப்பொருள் எதுவும் இவ்வாறு சலித்து விலகச் செய்வதில்லை. ஆகவே அடிமையாதல் என்னும் பேச்சுக்கே அன்று இடமிருக்கவில்லை. ஆயினும் அம்மாணவர் கண்டவை எண்ணிக்கைக்கு உட்பட்ட படச்சுருள்களும் இதழ்களுமே. இன்றைய இணையத்தில் புதியது தீர்ந்துபோவதே இல்லை. சலிப்பு என்னும் இயற்கைக் கரை இன்று எங்கே இருக்கிறது என்பது நியாயமான கேள்வியாகும்.

16 ஆண்டுகளுக்குப் பின்னர், 1986இல், தலைமை வழக்கறிஞர் எட்வின் மீஸ் அமைத்த ஆணையம் ஏறக்குறைய எதிர்முடிவுக்கு வந்தது. வன்முறை கலந்த படங்கள் பெண்கள்மீதான வன்கொடுமையைத் தூண்டுகின்றன என்று அது உரைத்தது. அதற்குச் சான்றாக எடுத்தாளப்பட்ட ஆய்வுகளைச் செய்தவருள் ஒருவரான எட்வர்டு டோனர்ஸ்டைன், தம் சோதனைச் சாலை முடிவுகள் அவற்றின் எல்லையைத் தாண்டி நீட்டப்பட்டுள்ளன என்று மறுத்தார். பாலியல் காட்சியைக் காட்டிலும் வன்முறைக் காட்சியே கேடு செய்வது என்பது அவர் நிலை. இடைப்பட்ட காலத்தில் ஆய்வு வளர்ந்தது உண்மையே. ஆனால் ஆய்வைவிட ஆட்சிகளின் மனப்போக்கே கூடுதலாக மாறியிருந்தது என்று கருதுகிறோம்.

மூளை கூறும் சான்று

இன்று ‘அடிமை’ என்போர் பெரிதும் நம்பி நிற்பது மூளைப் படங்களை. இன்பம் தரும் எதைக் கண்டாலும் மூளையின் பரிசுணர்வுப் பகுதியில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் செயல் மிகும், ஆபாசப்படத்திலும் அவ்வாறே, ஆகவே அது போதைப்பொருளை ஒத்தது என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் தனித்து நில்லாது. நல்ல உணவுக்கும் மனம் உருக்கும் இசைக்கும்கூட அப்பகுதி அவ்வாறே செயற்படுகிறது.

சற்று ஆழமான சான்றுகளும் உள்ளன. 2014இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து வலேரி வூன் குழுவினர், தம் பாலியல் நடத்தையைக் கட்டுப்படுத்த இயலாமல் துன்புற்ற ஆடவர் 19 பேரையும் அத்துன்பம் இல்லாத 19 பேரையும் ஒப்பிட்டனர். பாலியல் காட்சிகளைக் கண்டபோது முதற்குழுவினரின் மூளையில் போதைப்பழக்கம் உடையோரிடம் காணப்படும் பகுதிகளே மிகுதியாகச் செயற்பட்டன. மேலும், அவர்கள் அக்காட்சிகளைப் பிறரினும் கூடுதலாக வேட்டனர். ஆனால் கூடுதலாக விரும்பி மகிழவில்லை. வேட்கை வேறு, மகிழ்ச்சி வேறு என்று பிரிந்து நிற்பது அடிமையாதலின் அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுவது. நம் நோக்கில் ‘அடிமை’க் கட்சியின் வலிமையான சான்று இதுவே.

அதே ஆண்டு பெர்லினில் சிமோன் கூன், யூர்கன் கல்லினாட் ஆகியோர் நலமுள்ள ஆடவர் 64 பேரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையோ செய்தித்தாள்களில் பெரிதும் திரிபுற்றது. வாரத்தில் மிகுதியான நேரம் இப்படங்களைப் பார்ப்போர்க்குப் பரிசுணர்வோடு தொடர்புடைய ஒரு மூளைப்பகுதி சற்றுச் சிறிதாக இருந்தது என்பது அவர்தம் கண்டுபிடிப்பு. ‘ஆபாசப்படம் மூளையைச் சுருக்கும்’ என்று தலைப்புகள் எழுந்தன. அப்பகுதி இயல்பிலேயே சிறிதாக உடையோர் இத்தகைய தூண்டலை மிகுதியாக நாடியிருக்கவும் கூடும் என்று கட்டுரையாளரே எழுதியிருந்ததைத் தலைப்பு எழுதியோர் படிக்கவில்லை போலும்.

2015இல் நிகோல் பிராஸ் குழுவினர் மூளை மின்னலைகளை அளந்தனர். தம்மைச் சிக்கலுடையவராகக் கூறிக்கொண்டோரிடம் பாலியல் படங்களுக்கான மின்னலை எதிர்வினை பிறரினும் குறைவாகவே இருந்தது. போதைப்பழக்கத்தில் அது மிக வேண்டும்; ஆகவே இஃது அடிமையாதல் அன்று என்றனர் அவர்கள். அக்குறைவே பழகிப்போன மரத்த தன்மையைக் காட்டுகிறது. ஆகவே இஃது அடிமையாதலே என்றனர் மறுப்பாளர். மிகுந்தாலும் சான்று, குறைந்தாலும் சான்று என்றால், அக்கொள்கையைப் பொய்ப்பிக்க வழியே இல்லாமல் போகும்.

வகைப்பாட்டுச் சிக்கல்

பாலியல் நடத்தையை அடிமையாதலாக நோக்கும் கருத்தைப் பரவலாக்கியது பாட்ரிக் கார்ன்ஸ் 1983இல் எழுதிய நூலாகும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பை ஆயத்தம் செய்தபோது, மிகைப் பாலியல் கோளாறு என்பதனைச் சேர்க்க மார்ட்டின் காஃப்கா முன்மொழிந்தார். 2013இல் வெளிவந்த பதிப்பில் அது இடம்பெறவில்லை. அதே பதிப்பில் சூதாட்டம், மதுவும் போதைப்பொருளும் உள்ள அதிகாரத்திற்கு மாற்றப்பட்டது. ஒரு பொருளும் உட்கொள்ளாமலே அடிமையாகலாம் என்பது ஏற்கப்பட்டது. ஆபாசப்படத்திற்கு மட்டும் அவ்விடம் தரப்படவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் இடைவழியைத் தேர்ந்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஐ.சி.டி.-11 வகைப்பாட்டில் ‘கட்டுப்படுத்த இயலாப் பாலியல் நடத்தைக் கோளாறு’ என்பது உள்ளது. ஆனால் அது சூதாட்டமும் இணைய விளையாட்டும் உள்ள பிரிவில் வைக்கப்படவில்லை. திருட்டு உந்துதல், தீவைப்பு உந்துதல் ஆகியன உள்ள உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் நீடித்தல், நிறுத்த முயன்று பலமுறை தோற்றல், உடல்நலத்தையும் கடமைகளையும் புறக்கணித்தல், இன்பமே இல்லாதபோதும் தொடர்தல் ஆகியவை அதற்குரிய குறிகள்.

இவண் ஒரு சிறு ஒப்புமை. திருவள்ளுவர் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது ஆகிய மூன்றையும் 92, 93, 94ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார்; அதுவும் அறத்துப்பாலில் அன்று, பொருட்பாலில். பாவம் என்பதைக் காட்டிலும் மனிதன் இவற்றால் எதை இழக்கிறான் என்பதே அவ்வைப்புமுறையில் முன்னிற்பதாகத் தோன்றுகிறது. இன்றைய மருத்துவர் குழுக்களின் வாதத்தைப் படிக்கும்போது அவ்வைப்புமுறை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஒழுக்க முரண் என்னும் துன்பம்

ஐ.சி.டி.-11இல் மேலும் ஒரு வரையறை உண்டு. பொதுவாசகர் கவனத்திற்கு அது வருவதே இல்லை. ஒருவரின் துன்பம் முழுவதும் தம் பாலியல் உந்துதலைத் தாமே ஒழுக்கக்கேடு என்று வெறுப்பதால் மட்டும் எழுந்ததாயின், அதனைக் கொண்டு இக்கோளாறு உண்டென முடிவு செய்யலாகாது என்பதே அது. இவ்வரையறை ஏன் தேவைப்பட்டது என்பதை ஜோஷுவா கிரப்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளரின் தொடர் ஆய்வுகள் விளக்குகின்றன.

‘நான் ஆபாசப்படத்திற்கு அடிமை’ என்று கூறுவோர் அனைவரும் மிகுதியாகப் பார்ப்போர் அல்லர் என்பதை அவர் கண்டார். சமயப்பற்று மிக்கவராய், இப்படங்களைப் பாவம் என்று உறுதியாக நம்புபவராய், ஆயினும் எப்போதோ ஒருமுறை பார்த்துவிடுபவராய் இருப்போர் தம்மை அடிமை என்று கூறிக்கொள்வது மிகுதி. அதே அளவு பார்த்தும் அதனைத் தவறாகக் கருதாதோர் அவ்வாறு கூறுவது குறைவு. இதனை அவர் ‘ஒழுக்க முரண்’ என்று அழைத்தார். 2019இல் அவரும் பிறரும் அமெரிக்க மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும் மாதிரியைக் கொண்டு செய்த ஆய்வில், ஆடவருள் 11 விழுக்காட்டினரும் பெண்டிருள் 3 விழுக்காட்டினரும் தம்மை அடிமை என்னும் கூற்றுக்கு ஓரளவேனும் உடன்பட்டனர். போலந்தில் மாத்தேயுஸ் கோலா குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அணுக்கமானது. மருத்துவ உதவி நாடி வருவதை விளக்குவது பார்க்கும் அளவைக் காட்டிலும் அதனால் வாழ்வில் நேரும் தீய விளைவுகளே என்று அவர்கள் காட்டினர்.

இதனைத் தவறாகப் பொருள்கொள்ளுதல் ஆகாது. ஒழுக்க முரணால் எழும் துன்பம் பொய்யான துன்பம் அன்று. இரவெல்லாம் உறங்காமல் தன்னை இழிந்தவன் என்று எண்ணிக் குமையும் ஓர் இளைஞனின் வேதனை வேதனையே. ஆனால் அதன் வேர் வேறு. ஆகவே மருந்தும் வேறு. அவனிடம் ‘நீ அடிமையாகிவிட்டாய், உன் மூளை கெட்டுவிட்டது’ என்று கூறுவோமாயின், அவன் ஏற்கெனவே சுமக்கும் நாணத்தின்மேல் நம்பிக்கையின்மையையும் ஏற்றுகிறோம். அடிமைக்குத் தன்மீது அதிகாரம் இல்லை என்பதுதானே அச்சொல்லின் பொருள்? சமயமும் குடும்ப மானமும் வலுவாக வேரூன்றிய நம் சமூகத்தில் இவ்வகையினர் குறைவாக இருத்தற்கில்லை என்று கருதுகிறோம்.

மறுபுறம், உண்மையாகவே கட்டுப்பாட்டை இழந்தோரும் உளர். 42 நாடுகளில் 82,243 பேரிடம் செய்யப்பட்டு 2024இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, சிக்கலான நிலைக்கு ஆளாகும் இடருடையோர் ஏறத்தாழ 3.2 விழுக்காட்டினர் என்று மதிப்பிட்டது. விழுக்காடு சிறிது, தலைகளை எண்ணினால் சிறிதன்று. யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் 28 ஆடவரிடம் செய்து 2016இல் வெளியிட்ட சிகிச்சை ஆய்வு இத்தகையோர்க்குப் பயன் கிட்டும் என்பதைக் காட்டியது. எழும் எண்ணத்தை அடக்கிப் போராடாமல், அது எழுந்ததை ஏற்று, தாம் மதிக்கும் செயலில் ஈடுபடப் பயிற்றுவது அம்முறை. சிகிச்சைக்குக் காத்திருந்தோரைவிடப் பயிற்சி பெற்றோரிடம் பார்க்கும் நேரம் பெரிதும் குறைந்தது.

தீங்கு யாருக்கு?

இனி இரண்டாம் வினா. ஆண்குறி விறைப்புக் குறைபாட்டிற்கு இப்படங்களே காரணம் என்னும் பரவலான பேச்சுக்குக் குரோவாசியா, நார்வே, போர்த்துகல் இளைஞரிடம் செய்து 2015இல் வெளிவந்த ஆய்வு போதிய சான்று காணவில்லை. மண வாழ்வைப் பொறுத்தவரை, 2018இல் சாமுவேல் பெர்ரியும் சைரஸ் ஷ்லைஃபரும் வெளியிட்ட ஆய்வு, திருமணத்திற்குப் பின் புதிதாக இப்பழக்கத்தைத் தொடங்கிய அமெரிக்கரிடம் மணமுறிவு ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததைக் காட்டியது. பழக்கம் மணத்தை முறித்ததா, முறியத் தொடங்கிய மணம் பழக்கத்திற்குத் தள்ளியதா என்பதைத் தரவு முற்றாகப் பிரித்துக் காட்டாது.

வன்முறை குறித்து வாதம் இன்னும் கடுமையானது. 7 நாடுகளில் செய்யப்பட்ட 22 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை, பார்த்தலுக்கும் பாலியல் வன்செயலுக்கும் தொடர்புண்டு என்றது. பின்னர்க் கிறிஸ்டோபர் பெர்குசன், ரிச்சர்டு ஹார்ட்லி ஆகியோரின் தொகுப்பாய்வு அத்தகைய உறுதியான தொடர்பைக் காணவில்லை. இவற்றிடையே நீல் மாலமுத் முன்வைக்கும் விளக்கம் நமக்கு ஏற்புடையதாகப்படுகிறது. பெண்கள்மீது ஏற்கெனவே பகைமை உடைய ஆடவரிடம் இப்படங்கள் தீயில் எண்ணெயாகின்றன. ஏனையோரிடம் விளைவு மிகச் சிறிது என்பது அது. எல்லார்க்கும் ஒரே அளவில் தீங்கு என்போரும், யார்க்கும் தீங்கில்லை என்போரும் இதனால் மகிழ்ச்சி அடையமாட்டார்கள்.

‘அடிமை’ என்னும் சொல் பொருந்தா இடத்தில் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. சிறுவர் பாலியல் படங்களைத் தன் கைப்பேசியில் வைத்திருந்த சென்னை இளைஞர் ஒருவர் மீதான வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 சனவரியில் நீக்கியது. அத்தீர்ப்பில், இளந்தலைமுறை ஆபாசப்படப் பழக்கத்தோடு போராடுகிறது என்றும், தண்டிப்பதைவிட அறிவுரை தேவை என்றும், அவ்விளைஞர் இன்னும் அடிமையாக உணர்ந்தால் ஆலோசனை பெறலாம் என்றும் கூறப்பட்டது. 2024 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது, வழக்கை மீட்டெடுத்தது. ‘சிறுவர் ஆபாசப்படம்’ என்னும் தொடரையே நீதிமன்றங்கள் கைவிட்டு, அதனைச் சிறுவர் மீதான பாலியல் சுரண்டல், கொடுமை பற்றிய பதிவு என்றே அழைக்க வேண்டும் எனவும் கூறியது. பார்ப்பவனின் பழக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், பார்க்கப்பட்ட சிறுவரை மறந்துவிட நேர்ந்தது. மலேசியாவிலும் 2017ஆம் ஆண்டுச் சிறுவர்க்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி அத்தகையவற்றை வைத்திருப்பதே குற்றமாகும். இஃது அடிமையாதல் பற்றிய வாதத்திற்கு வெளியே நிற்கும் செய்தி.

ஆசிரியர்முன் உள்ள பணி

சிறுவர்தாமே பார்வையாளர் ஆகும்போது தீங்கின் இயல்பு மாறுகிறது. இங்கிலாந்துச் சிறுவர் ஆணையர் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இளையோர் இத்தகைய காட்சியை முதன்முதல் காணும் சராசரி வயது 13. ஒன்பது வயதிற்குள்ளேயே கண்டோர் பத்தில் ஒருவர். இவர்களுள் மிகச் சிலரே பின்னாளில் கட்டுப்பாட்டை இழப்பர். ஆனால் பெரும்பாலோர்க்கு இதுவே முதற்பாடநூல் ஆகிறது. 18 முதல் 24 வயது வரையுள்ள அமெரிக்கரிடம் எமிலி ராத்மன் குழுவினர் செய்து 2021இல் வெளிவந்த ஆய்வில், பாலுறவு பற்றித் தமக்கு மிகவும் உதவிய தகவல் வழி ஆபாசப்படமே என்று ஏறத்தாழ நான்கில் ஒருவர் கூறினர். போலித்தோற்றம் என்னும் பழம்பொருளில் இஃது ‘ஆபாசம்’ ஆவது இங்குத்தான். நடிப்பை நடப்பென்றும், காட்சிக்காகக் காட்டப்படும் வன்மையை இயல்பென்றும் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

தடுப்புச் சட்டங்கள் ஓரளவே உதவும். பிரித்தானியா 2025 சூலை முதல் இத்தகைய தளங்களில் வயதுச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. உடனேயே இருப்பிடத்தை மறைக்கும் செயலிகளின் பயன்பாடு அங்கு உயர்ந்தது. ராத்மன் பாஸ்டனில் உருவாக்கிய பாடத்திட்டம் வேறு வழியில் செல்கிறது. அது பதின்ம வயதினரிடம் படம் எதனையும் காட்டுவதில்லை. இப்படங்களை யார், எதற்காக, எவ்வளவு பணத்திற்கு எடுக்கின்றனர், அவற்றில் எது விடுபட்டுள்ளது என்று வினவக் கற்பிக்கிறது.

தம்மிடம் மனம் திறக்கும் மாணவனிடம் தமிழாசிரியர் வினவத்தக்கவை எளியவை. நிறுத்த முயன்று தோற்றாயா? எத்தனை மாதமாக? உறக்கம், படிப்பு, நட்பு ஆகியவற்றுள் எதை இழந்தாய்? நாணம் ஒன்று நீங்கிவிட்டால் வேறு துன்பம் ஏதும் மிஞ்சுமா? முதல் மூன்றிற்கும் அழுத்தமான விடை வந்தால் பள்ளி ஆலோசகர் வழியாக மருத்துவரிடம் அனுப்புதல் தகும். நான்காவதற்கு ‘இல்லை’ என்று விடை வந்தால், நிதானமாகப் பேசும் ஒரு மூத்தவரே பெரும்பாலும் போதும்.

இதிலே மொழிச் சிக்கல் ஒன்றுண்டு. நலக்கல்விப் பாடத்தில் உடலைப் பற்றிப் பேச நேரும்போது ஆசிரியர் பலர் மலாய்க்கோ ஆங்கிலத்திற்கோ தாவுவதை ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் கண்டிருக்கிறோம். தமிழில் கண்டிக்கச் சொல் உண்டு. விளக்கத்தான் சொல் போதவில்லை. இசைவு, அந்தரங்கம், வேட்கை, நடிப்பு முதலிய சொற்களைத் தொகுத்து, வகுப்பில் கூசாமல் வழங்கத்தக்க சிறு சொற்பட்டியலாகவும் வயதிற்கேற்ற பாடக்குறிப்பாகவும் ஆக்கும் பணியைத் தமிழ்ப்பள்ளி நலக்கல்வி ஆசிரியரும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையினரும் கூடிச் செய்யலாம். அப்பட்டியலில் ‘அடிமை’ என்னும் சொல்லைச் சேர்ப்பதா, ‘பழக்கம்’ என்று நிறுத்துவதா என்பது குறித்து ஆசிரியர்களின் கருத்தை வரவேற்கிறோம்.